வைர வடிவத் துளைகள்

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்

புளூஸ் கித்தார் கலைஞர் பி.பி. கிங் இருந்திருந்தால் இன்று அவருக்கு நூறு வயது. வேலை முடிந்து வந்ததும் லூசில் என்ற என் கித்தாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். 1980-இல் கிப்சன் நிறுவனம் கிங் பெயரில் கொண்டுவந்த வரிசையைச் சேர்ந்தது. இதன் முகத்தில் எஃப் வடிவத் துளைகள் கிடையாது. மேடையில் சத்தம் கூடும்போது கித்தார் ஊளையிடாமல் இருக்க, துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்தவர் கிங். தன் பெயரில் மாடல் வந்தபோது துளைகளே வேண்டாம் என்றுவிட்டார்.

சிக்னேச்சர் மாடல் என்றால் எனக்கு இதுதான். வாசித்தவரின் பழக்கம் மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். கித்தாரின் தலையில் கையெழுத்து மட்டும் இருந்தால் அதை நான் வாங்குவதில்லை.

செப்டம்பர் 27, சனி

கலமசூ வரை ஒன்றரை மணி நேரப் பயணம். பாடகர் டிரினி லோபஸ் பெயரில் கிப்சன் செய்த மாடலில், 1967-ஆம் ஆண்டுக் கித்தார் ஒன்று அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. முதலில் பார்சன்ஸ் தெரு 225-ஆம் எண் வாசலில் காரை நிறுத்தினேன். கிப்சனின் பழைய ஆலை; 1958-இல், டெட் மெக்கார்ட்டி தலைவராக இருந்த காலத்தில், முதல் இ.எஸ். 335 மாடல் எலக்ட்ரிக் கித்தார் பிறந்த செங்கல் கட்டடம். 1984-இல் கிப்சன் இதை மூடியதும், கிப்சன் இடம் மாறிய நாஷ்வில் நகருக்குப் போக மனமில்லாத சிலர் அடுத்த ஆண்டே இதே இடத்தில் ஹெரிட்டேஜ் என்ற கித்தார் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த மனிதர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

விற்பவர் எண்பதை நெருங்கியவர். கல்யாண மண்டபங்களில் இதை வாசித்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் வைர வடிவத் துளைகள் இரண்டும் கண்ணைப் பறித்தன. உடல் 335-இன் உடல்தான்: இரு பக்கமும் வெற்றிடம், நடுவில் கழுத்திலிருந்து அடிவரை ஓடும் மரக்கட்டை. தலையில் மட்டும் ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கமாக வரிசை கட்டி நின்றன.

சென்ற ஆண்டு ஒரு கடையில் ஏமாந்தேன். தலைப்பகுதி ஒடிந்து ஒட்டப்பட்டதை மறைத்து, முழு விலைக்கு என்னிடம் விற்றுவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இம்முறை புற ஊதா விளக்கைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் தானாகவே திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினார். பழைய நைட்ரோ வார்னிஷ் அந்த ஒளியில் வெளிறிய பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் பூசியது கறுத்துத் தெரியும். கழுத்து தலையோடு சேரும் இடத்தில் விளக்கை மெதுவாக நகர்த்தினேன். விளிம்புவரை ஒரே பச்சை. மூச்சு வந்தது.

பிறகு பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டுக் கட்டுப்பாட்டுக் குமிழ்களின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். மூன்றில் 1376641 என்ற எண். 137 என்பது செய்த நிறுவனம், 66 ஆண்டு, 41 வாரம். நான்காவதில் எண் வேறு. நான் கேட்பதற்கு முன்பே, எழுபதுகளில் மாற்றியது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பேரம் பேசாமல் வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

அக்டோபர் 4, சனி

கித்தார் வீட்டுக்கு வந்துவிட்டது. புதுத் தந்திகள் போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு வாரமாக விரல்கள் தடுமாறுகின்றன. 1965-இல் கிப்சன் கழுத்தைக் குறுக்கியது. மேல்முனையில் சுமார் 43 மில்லிமீட்டர் அகலம் இருந்தது 40-க்கும் கீழே இறங்கியது. சேகரிப்பவர்களில் பலர் இந்த ஆண்டுகளை ஒதுக்குவது இதனால்தான். ராக் இசைக்கலைஞர் டேவ் குரோல் ஒதுக்கவில்லை. அவருடைய டிரினி லோபஸை அடிப்படையாக வைத்து 2007-இல் அவர் பெயரிலேயே ஒரு மாடல் வந்தது. அதிலும் அதே வைரத் துளைகள், அதே தலை. டிரினி 2020-இல் கொரோனாவில் காலமானார். தன் கித்தார் இன்னொருவர் கையில் மறுபிறவி எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இன்று வீட்டில் ஹீட்டரைப் போட்டாகிவிட்டது. மிச்சிகன் குளிரில் காற்று வறண்டால் மரம் வெடிக்கும். இரண்டு பெட்டிகளிலும் ஈரப்பத உறைகளை வைத்தேன். மூடுவதற்கு முன் மகள் ஓடி வந்து, வைரத் துளை வழியாக ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். "உள்ளே ஒரு ஆரஞ்சுக் காகிதம் இருக்கிறது, அப்பா" என்றாள். கலமசூ, மிச்சிகன் என்று அதில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.