தித கோ?

ஜூன் 2
இண்டைக்கும் அதே கதை. கடைசல் மெஷினுக்கு ப்ரோக்ராமை எழுதி முடிச்சு ரெண்டுதரம் வாசிச்சுப் பாத்து சேரிட்ட கொண்டுபோனன். கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டிட்டு ஒரே கேள்வி. "தித கோ?" சிங்களத்தில தித எண்டா புள்ளி, கோ எண்டா எங்க. டூலை 52 விட்டத்துக்கு வேகமா அனுப்ப ஜீ00 எக்ஸ்52 எண்டு எழுதினனான், 52க்குப் பிறகு புள்ளி வைக்கேல்ல. இந்த மெஷினில புள்ளி இல்லாட்டி அது மில்லிமீற்றர் இல்லை, மைக்ரோன். 0.052. மெஷின் திரையில கிராப்பில ஓடவிட்டுக் காட்டினவர், வெட்டுற கட்டைக்கு வெளியில நிக்கவேண்டிய டூல் நேர நடுக்கோட்டுக்கு ஓடிப்போய் நிக்குது. நீளவாக்கில போற இசட் -30க்குப் புள்ளி வைக்காம விட்டா டூல் சும்மா முகத்தைத் தடவிப்போட்டு வரும், ஒருத்தருக்கும் சேதமில்லை. எக்ஸில விட்டாத்தான் கதை முடிஞ்சுது. ஒரே பிழை, எந்தப் பக்கம் விடுறம் எண்டதுதான்.

ஜூன் 3
அம்மான்ர ரிப்போட் வரேல்ல.

ஜூன் 4
ஸ்லொட்டை, அதான் காடியை, மற்றப் பக்கம் வெட்டிப்போட்டன். முழு அலுமினியக் கட்டையும் வாளிக்குள்ள போச்சு.
படத்தில வலப்பக்கத்தில கீறின வியூ எண்டா வலப்பக்கத்தால பாத்தது எண்டுதானே ஆரும் நினைப்பினம், ஆனா பர்ஸ்ட் ஆங்கிள் எண்ட கீறல் முறையில அது இடப்பக்கத்தால பாத்தது, தேர்ட் ஆங்கிள் எண்டாத்தான் நான் நினைச்ச மாதிரி. எது எண்டதைக் கீழ மூலையில ஒரு வெட்டின கூம்பும் ரெண்டு வட்டமும் போட்டுச் சொல்லியிருப்பினம். நான் அதை கொம்பனி லோகோ எண்டு நினைச்சன்!! சிரிக்காதேங்கோ.
இரவு மாமியின்ர கரட் ஒண்டை எடுத்து ரெண்டு முனையும் வெட்டி, சின்ன முனை இடப்பக்கம் இருக்க பலகையில வைச்சன். அப்பிடியே வலப்பக்கம் உருட்டி நிமித்தினா சின்ன முனை மேல வருது, சின்ன வட்டம், அதைச் சுத்திப் பெரிய வட்டம். அவ்வளவுதான் பர்ஸ்ட் ஆங்கிள். மூண்டு மாசமா சிங்களத்தில கேட்டு விளங்காதது ஒரு கரட்டில விளங்கிட்டுது. "பிள்ளை, நாளைக்குச் சாம்பாருக்கு வைச்சதடி" எண்டு மாமி.

ஜூன் 6
ஸ்கேன் பேப்பரில 1.4 செ.மீ. எண்டு இருக்கு. புள்ளி மங்கல். லைற்றுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தன். புள்ளிதான். 14 மில்லிமீற்றர். இடைவேளையில வேர்னியரை 14க்குத் திறந்து பாத்துக்கொண்டிருந்தன், பிறகு மூடி வைச்சிட்டன்.

ஜூன் 7
இரத்மலானைக்கு ட்ரெயின் ஒரு மணித்தியாலம் லேட். கடல் தண்ணி ஜன்னலுக்குள்ள அடிக்குது.

ஜூன் 10
போயா, பௌர்ணமி லீவு. கிளாஸ் இல்லை. மைக்ரோமீற்றரைக் கேட்டு வீட்ட கொண்டுவந்தனான், எல்லாற்ற தலைமயிரையும் அளந்தன். என்ர 0.07, மாமின்ர 0.06. அம்மான்ர சீப்பில நிறைய இருந்திச்சு. அளக்கேல்ல.

ஜூன் 12
25 எச்7 துளை. எச்7 எண்டா 25.000இல இருந்து 25.021 வரைக்கும் விடுவினம், அதுக்கு மேல போகக்கூடாது, கீழயும் வரக்கூடாது. 21 மைக்ரோன், என்ர மயிரில மூண்டில ஒண்டுகூட இல்லை. முதல் வெட்டு 24.93, டூல் நிக்கிற இடத்தைத் திருத்துற ஒப்செற்றில கூட்டிப்போட்டு திரும்ப வெட்டினன், 25.005, துள்ளிக் குதிச்சன். சேர் தொட்டுப் பாத்திட்டு ஆறவிடு எண்டார். இரும்பு சூட்டில விரியும், 25க்கு 30 டிகிரி கூடினா கிட்டத்தட்ட 9 மைக்ரோன். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து கேஜை விட்டா, துளைக்குள்ள போகவேண்டிய "கோ" பக்கமே போகேல்ல. கோ கோ? எண்டு பெடியள் ஒரே பகிடி. சிறுசாப் போனா இன்னும் வெட்டலாம். பெருசாப் போனா இரும்புக்கடைதான்.

ஜூன் 13
ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை ஆரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஏன் ஆரையும்? வழமையாச் சொல்லுறதுதான் எண்டு மாமி சொல்லுறா, சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போய் நிண்டிட்டா. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவினமோ. அம்மா எனக்கு இடியப்பம் கட்டித் தாறா, ஒண்டும் நடக்காத மாதிரி.

ஜூன் 15
நித்திரை இல்லை. படுத்துக்கொண்டே ப்ரோக்ராம் ஓட்டுறன். ஜீ28 டூலைத் தொடக்க இடத்துக்கு அனுப்பு, டூல் மாத்து, ஸ்பின்டில் சுத்து, எம்08 கூலன்ற். எல்லாத்துக்கும் புள்ளி வைச்சனா எண்டு திரும்ப முதலில இருந்து. ப்ரோக்ராம் முடியிற எம்30க்கு வரவேயில்லை.

ஜூன் 16
நாளைக்கு லீவு கேட்டன். ஏன் எண்டு சேர் கேக்கேல்ல. கொப்பியைத் திருத்தித் தந்தவர், மூண்டு இடத்தில சிவப்பால புள்ளி. ட்ரெயினில வைச்சுத்தான் கவனிச்சன், அதில ஒண்டு ஸ்பின்டில் வேகம் சொல்லுற எஸ்1200க்குப் பிறகு. எஸ்ஸுக்குப் புள்ளி வேண்டாம் எண்டு சொல்லித் தந்ததே அவர்தான்.