மூன்று பெயர்களில் சிதறிக் கிடந்த என் கட்டுரைகள்

பதவி உயர்வுப் படிவத்தில் ஒரே ஒரு வரி என்னை இரண்டு மாதம் உட்கார வைத்துவிட்டது: "மொத்த மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ்." என் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதும், அதை வைத்துப் போடும் ஒரு மதிப்பெண்ணும். காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பு பற்றிப் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். கட்டுரைகள் 23. ஆனால் எங்கள் நிறுவனம் சந்தா கட்டும் மேற்கோள் தரவுத்தளத்தில் என் பெயரைத் தட்டினால் 8 மட்டும்தான் வந்தது.

காரணம் என் பெயர். மீனாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா சுந்தரம். பிஎச்.டி. காலத்தில் வந்ததெல்லாம் 'மீனாட்சி எஸ்'. அதன்பின் போஸ்ட்டாக் என்னும் ஆய்வுப் பணிக்கு ஜெர்மனி போனபோது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது. அங்கே எழுதியவற்றில் 'சுந்தரம் எம்' ஆகிவிட்டேன். திரும்பி வந்து, கல்யாணமாகி, இனிஷியல் மாறியதும் 'மீனாட்சி கே'. நம் ஊரில் இதில் யாருக்கும் குழப்பம் வராது. கணினிக்கு நான் மூன்று பேர்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. முதல் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தால் மீனாட்சி சுந்தரம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆண்களுக்கு உள்ள பெயர். 'சுந்தரம் எம்' பக்கத்தைத் திறந்தால் 11 கட்டுரைகள். அதில் 6 என்னுடையவை. மீதி ஐந்தில் நான்கு பல் மருத்துவம், ஒன்று சிமெண்ட் கலவை.

முதல் வேலையாக ஆர்சிட் எண் வாங்கினேன். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண் அது. 2012-இல் தொடங்கிய இலவச ஏற்பாடு, 16 இலக்கம். சிலருக்குக் கடைசி இடத்தில் எக்ஸ் வரும், அது பிழை இல்லை. பெயர், இனிஷியல், வேலை எது மாறினாலும் எண் மாறாது. வேறு பெயர்கள் போடும் இடத்தில் மூன்றையும் எழுதினேன். அப்புறம் தரவுத்தளத்துக்கு, மூன்று பக்கங்களையும் இணைக்கவும், என்னுடையதல்லாத ஐந்தை நீக்கவும் விண்ணப்பம். முடிய மூன்று வாரம் ஆனது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். அங்கே கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, நாமே பார்த்துச் சேர்ப்பதுதான் நல்லது.

எச்-இண்டெக்ஸ், 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. 9 என்றால், குறைந்தது 9 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 9 இருக்கின்றன என்று பொருள். மூன்று பக்கங்களில் இருப்பதை அப்படியே கூட்டிவிட முடியாது; எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் எண்ண வேண்டும். அந்த ஐந்தையும் விட்டுவைத்திருந்தால் எனக்கு 11 வந்திருக்கும். எடுத்த பிறகு 9. உடன் வேலை செய்யும் ஒருவர், "நேர்காணல் முடியட்டும், பிறகு நீக்கிக்கொள்ளலாமே" என்றார். அது இன்னொருவருடைய உழைப்பு. அந்தப் பல் மருத்துவரும் எங்கோ ஒரு படிவத்தின் முன் உட்கார்ந்து, தன் கட்டுரைகள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருக்கலாம். 9 என்றே எழுதினேன், எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்பதையும் சேர்த்து. கூகுள் ஸ்காலரில் 12 காட்டியது. ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்களில் வரும் மேற்கோள்களையும் அது எண்ணுவதால் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

எனக்கு மனது ஒப்பாத கட்டமும் ஒன்று இருந்தது. கட்டுரை வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை எல்லாம் கூட்டிப் போடச் சொன்னது. அது இதழுக்கான அளவு: முந்தைய இரண்டு வருடங்களில் அந்த இதழில் வந்தவை இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பது. என் கட்டுரையை ஒருவர்கூடப் படிக்காவிட்டாலும் இதழின் எண் என் கணக்கில் ஏறிவிடும். தனி ஆளை எடைபோட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்கிறது. கேட்டிருக்கிறார்கள், நிரப்பினேன். கூடவே நானாக ஒரு பக்கம் எழுதி இணைத்தேன்.

சளி மாதிரியைச் சுத்தம் செய்யும் முறை பற்றிய என் சின்னக் கட்டுரை ஒன்றைப் பற்றியது அந்தப் பக்கம். மற்ற பாக்டீரியாக்களைக் கொல்ல சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ப்போம். நேரம் கூடிவிட்டால் காசநோய்க் கிருமியும் செத்துப்போகும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தோம். 31 மேற்கோள். அத்தனையையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 4 எங்களுடையவையே. 24 பேர் முன்னுரையில், இன்னும் நாலைந்து கட்டுரைகளோடு சேர்த்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். 3 பேர் எங்கள் முறையை எடுத்துத் தங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்திருந்தார்கள். அந்த மூன்று பேர் எழுதியதைத்தான் இணைப்பில் விளக்கினேன். பெரிய எண் வருவதே முறைக் கட்டுரைகளுக்குத்தான். ஆலிவர் லோவ்ரி குழு 1951-இல் எழுதிய, புரதத்தை அளக்கும் முறைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் உண்டு. எனக்கு மூன்று. ஆனால் அந்த மூன்று ஆய்வகங்களிலும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

நேர்காணலில் எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த நேரக் கணக்கைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினோம். பதவி உயர்வு வந்தது.

இப்போது என் மாணவியின் முதல் கட்டுரை தயாராகிவிட்டது. ஆர்சிட் எண் வாங்கிவிட்டாள். பாஸ்போர்ட்டில் அவளுக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலி. இதழின் படிவமோ அதைக் காலியாக விட ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா பெயரா, ஊர்ப் பெயரா என்று வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.