"நாலு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்

நடந்து மூன்று வாரம் ஆகிறது, எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். தென் மாவட்டத்தில் ஒரு ஜங்ஷன், அங்கிருந்தே கிளம்பும் சென்னை வண்டி, இரவு 8.40. அம்மாவுக்கு அமெரிக்க விசா. மறுநாள் காலை சென்னையில் கைரேகை, அதற்கடுத்த நாள் நேர்காணல். தம்பி மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, இந்தத் தேதி போனால் அடுத்தது எப்போது கிடைக்குமோ. டிக்கெட்டும் அப்படித்தான், 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்த கையோடு உட்கார்ந்து போட்டது, மூன்றடுக்கு ஏசியில் இரண்டு கீழ் பெர்த்.

தாமதம் எங்கள் மேல்தான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 7 மணிக்குக் கிளம்ப வேண்டியது 7.25 ஆனது. தெருமுனை தாண்டியதும் "சிலிண்டரை மூடினோமாடி?" என்று அம்மா கேட்க, திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். ஆனாலும் வீட்டிலிருந்து ஸ்டேஷன் 24 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரம் போதும், ஊருக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் மட்டும் இல்லாவிட்டால். அன்று பார்த்து ஒரு சரக்கு வண்டி. போய்த் தொலைந்தது என்று டிரைவர் தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்தால் கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வருகிறதாம். ரயிலைப் பிடிக்கப் போகிறவளை ரயிலே 19 நிமிடம் மறித்துப் போட்டது. ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது மணி 8.29.

பதினோரு நிமிடம். ஒரே ஆளாக இருந்தால் தாராளம். அம்மாவுக்கு வயது 67, இரண்டு முட்டியிலும் தேய்மானம், என் கையில் இரண்டு பெட்டி ஒரு பை. வாசலில் ஸ்கேனரில் பெட்டியைப் போட்டு எடுத்ததில் இரண்டு நிமிடம். கிளம்பும்போதே ரயில் ஆப்பில் பார்த்து வைத்திருந்தேன், முதலாவது பிளாட்பாரம் என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே விளக்குகூடப் போடாமல் வேறு ஏதோ பெட்டிகள், கதவெல்லாம் பூட்டி நிற்கின்றன.

ஓடி வந்து விசாரணை கவுன்டரில் நின்றேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், சென்னை வண்டி எந்த பிளாட்பாரம்?"

தலை நிமிரவில்லை. ஒரு விரல் மட்டும் மேலே போனது. "போர்டு."

போர்டைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அதில் ஓடிக்கொண்டிருந்தது இந்தி. அது முடிந்து ஆங்கிலம் வந்தால் வேறு ஏதோ வண்டி, அப்புறம் அதே வண்டி தமிழில், அப்புறம் அடுத்த வண்டி மறுபடி இந்தியில். எங்கள் வண்டி அந்தச் சுற்றில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். மேலே ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எங்கேயோ தாமதமாக வந்துகொண்டிருக்கும் இன்னொரு வண்டிக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவும், "சார், எட்டு நிமிஷம்தான் இருக்கு, வயசானவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன், நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அதான் போர்டுல வருதுல்ல. படிக்கத் தெரியாதா?"

இந்த இடத்தில் சண்டை போட்டிருப்பேன். நேரம் இல்லை. பக்கத்தில் சாதாரண டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் எட்டிக் கேட்டேன். "என்கொயரில கேளுங்க மேடம்." அங்கிருந்துதானே வருகிறேன்! யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை, அந்த வண்டி தினமும் அந்த நேரத்தில் அந்த ஊரிலிருந்து கிளம்புகிறது. கேட்டது ஒரே ஒரு எண். விரலை மேலே காட்டியதற்குப் பதில் நாலு விரலைக் காட்டியிருக்கலாம்.

சொன்னது யார் என்றால், தூண் ஓரமாக உட்கார்ந்து பீடி கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான போர்ட்டர். நான் கேட்கக்கூட இல்லை, நான் முழித்த முழியிலேயே புரிந்திருக்கும். "சென்னையா தாயி? நாலாவதுல நிக்கி. அரை மணி ஆச்சு போட்டு." சொல்லிக்கொண்டே இரண்டு பெட்டியையும் தூக்கிவிட்டார், கூலி பேசவில்லை. அவசரத்தில் எத்தனையாவது பிளாட்பாரம் என்று தெரிய வேண்டுமா, கவுன்டர் பக்கமே போகாதீர்கள். போர்ட்டரைக் கேளுங்கள், டீ விற்கிறவரைக் கேளுங்கள். வண்டி எங்கே நிற்கும் என்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. ஆப்பில் வரும் எண்ணும் கடைசி நேரத்தில் மாறக்கூடியதுதான், அதை நம்பி நேராக அங்கே போய் நிற்க வேண்டாம்.

லிஃப்ட்டில் "பழுது" என்று அட்டை. பிளாட்பாரக் கடைசியில் பார்சல் தள்ளுவண்டிக்கு ஒரு வழி இருக்கும் பாருங்கள், தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவது, அதில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கணம் சபலம். அம்மா சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படிப் பக்கம் திரும்பிவிட்டார். நல்லவேளை. தண்டவாளம் தாண்டினால் ரயில்வே சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு, அதைவிட இருட்டில் அந்தப் பாதையில் எது எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. ஆக, படி. ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அம்மாவால் ஏற முடியும். எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன், நாற்பத்திரண்டு. இறங்குவது ஏறுவதைவிட மோசம், முட்டி வலி உள்ளவர்களுக்குத் தெரியும்.

நாலாவது பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது 8.37. எங்கள் பெட்டி பி2. பெட்டி வரிசை காட்டும் குட்டி போர்டுகள் ஒன்றும் எரியவில்லை. கறுப்புக் கோட் போட்டு ஒருவர் கையில் அந்தச் சிறிய மெஷினோடு நிற்கிறார். "சார், பி டூ?" அவர் யாரிடமோ பேசிக்கொண்டே வலது பக்கம் கையை வீசினார். நம்பி வலது பக்கம் போனோம். எஸ்3, எஸ்4, எஸ்5... எண் ஏற ஏற எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. போர்ட்டர்தான், "தாயி, இன்னைக்கு வண்டி திருப்பிப் போட்டிருக்கு, ஏசி எல்லாம் அந்தப் பக்கம்" என்று நின்றார். திரும்பினால் நேரம் இல்லை. விசில்.

அருகில் நின்ற ஒரு பையன், "அக்கா, நான் ஏறி செயினை இழுக்கட்டுமா?" என்றான். உதவும் மனசுதான். தக்க காரணமில்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், தாமதமாக வந்ததை நல்ல காரணம் என்று எந்த மாஜிஸ்திரேட்டும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. வேண்டாம் தம்பி என்றேன். அதற்குள் கடைசிப் பெட்டி வாசலில் பச்சை விளக்கோடு நின்ற கார்டு (இப்போது ரயில் மேனேஜர் என்று பெயர், 2022-இல் மாற்றினார்கள், யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை) எங்களைப் பார்த்துவிட்டார். "டிக்கெட் இருக்குல்ல? பக்கத்துப் பெட்டியில ஏறுங்கம்மா முதல்ல. அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கலாம்." விளக்கைக் காட்டாமல் அவர் பிடித்திருந்த அந்த அரை நிமிடம்தான் எங்களுக்கு விசா வாங்கிக் கொடுத்தது என்று அம்மா இன்றும் சொல்கிறார். போர்ட்டர் பெட்டிகளை உள்ளே தள்ளினார், நான் கையில் அகப்பட்ட இருநூறு ரூபாயை ஜன்னல் வழியாக நீட்டினேன், வண்டி நகர்ந்தது.

தவறவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உள்ளே நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கன்ஃபர்ம் டிக்கெட்டில் வண்டியை விட்டால் பணம் போனது போனதுதான். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் நாம் பயணம் செய்யாமல் டிடிஆர் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம்) போட்டு முழுப் பணமும் கேட்கலாம், அதையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆக அவர்களுக்கு மூன்று மணி நேரம், நமக்கு மூன்று நிமிடம்கூடக் கிடையாது.

ஏறியது முன்பதிவில்லாப் பெட்டி. கழிவறைப் பக்கம் நிற்கத்தான் இடம். ஒரு பெண் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு இடம் விட்டார். இதிலிருந்து உள்வழியாக மற்ற பெட்டிகளுக்குப் போக முடியாது. அடுத்த நிறுத்தம் 40 நிமிடம் கழித்து, நிற்பது இரண்டே நிமிடம், பி2 எத்தனை பெட்டி தள்ளியோ. பக்கத்தில் நின்ற ஒருவர், வாரம் ஒருமுறை இப்படியே போகிறவராம், சொல்லிக் கொடுத்தார்: "பி டூ வரைக்கும் ஓடாதீங்க. இறங்கினதும் முதல்ல வர்ற ஸ்லீப்பர்ல ஏறிடுங்க, உள்ளேயே நடந்து போயிடலாம்." இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு பயனுள்ள வார்த்தை. அப்படியே செய்தோம், அவரே ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். அப்புறம் படுத்திருப்பவர்களின் கால்கள், செருப்புகள், விரிப்புகள் எல்லாவற்றையும் தாண்டி ஊர்வலம். ஸ்லீப்பருக்கும் ஏசிக்கும் நடுவே கதவு பூட்டியிருந்தது, தட்டியதும் போர்வை கொடுக்கும் பையன் திறந்தான்.

எங்கள் 17-இல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், ஆர்ஏசி டிக்கெட்டாம் (உட்காரத்தான் இடம், யாராவது வராவிட்டால்தான் முழு பெர்த்), எங்களைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பெட்டியின் டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர், வேறு ஆள், மரியாதையாகப் பேசினார். "இன்னும் ஒரு ஸ்டேஷன் பார்த்துட்டுக் கொடுத்திருப்பேன் மேடம், நல்லவேளை வந்தீங்க" என்றார். ஆகவே வேறு பெட்டியில் ஏறிவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்து காலை வரை ஓட்டிவிடலாம் என நினைக்காதீர்கள், பெர்த் கைமாறிவிடும். தெரிந்தவர் யாராவது அந்தப் பெட்டியில் இருந்தால் போன் போட்டு டிடிஇ-யிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நான் செய்யாமல் விட்டது. அந்த அடுத்த ஸ்டேஷன் இருக்கிறதே, அதற்கு எங்கள் வீட்டிலிருந்து நேர் ரோடு, கேட் கிடையாது. போர்டிங்கை, அதாவது ஏறும் ஸ்டேஷனை, அங்கே மாற்றியிருக்கலாம். "கிளம்புற இடத்துல ஏறினாத்தான் பெட்டியை நிம்மதியா வைக்கலாம்" என்று அம்மா சொன்னதைக் கேட்டேன். சென்னையில் தாம்பரம், கோவையில் போத்தனூர், திருச்சியில் ஸ்ரீரங்கம் என்று பல ஊர்களிலும் இப்படி ஒன்று இருக்கும், உங்கள் வண்டி அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதானால் சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போடும் முன்பே ஆன்லைனில் மாற்றிவிட வேண்டும், மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும், இரண்டிலும் ஏறலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விளக்கெல்லாம் அணைத்த பிறகு கீழ் பெர்த்தில் படுத்தபடி அம்மா சொன்னார்: "31 வருஷம் பள்ளிக்கூடத்துல படிக்கச் சொல்லிக் கொடுத்தவளைப் பார்த்துப் படிக்கத் தெரியாதாங்கிறான்." அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

சென்னையில் எல்லாம் சுமுகம், விசா கிடைத்தது. கவுன்டர்காரர் மேல் ஆன்லைனில் புகார் கொடுத்தேன், நேரம், தேதி, அவர் சொன்ன வார்த்தை எல்லாம் போட்டு. நான்கு நாளில் சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டது என்று பதில் வந்து புகார் முடிக்கப்பட்டது. என்ன அறிவுரை என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

திரும்பி வந்து இறங்கியபோது அந்தப் போர்ட்டரைத் தேடினேன், இல்லை. கவுன்டரில் அவரேதான், அதே பாட்டிலில் சாய்ந்த போன். ஒருவர் கைக்குழந்தையோடு மூச்சு வாங்க நின்று பாலக்காட்டு வண்டி எங்கே என்று கேட்கிறார். விரல் மேலே போகிறது. அந்த வண்டியை நாங்கள் இப்போதுதான் தாண்டி வந்திருந்தோம். "மூணாவது சார், படி ஏறி இடது பக்கம், லிஃப்ட் ஓடலை" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். கவுன்டர்காரர்தான் முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.