ஷாட்கன் ஷெல் நிரப்பும் நாட்குறிப்பு: ஜனவரி 2024

ஜனவரி 6, சனி

போட்டியின் மூன்றாவது ஸ்டேஜில் (சுற்றில்) துப்பாக்கி மூடவில்லை. பெல்ட்டிலிருந்து இரண்டு ஷெல்லை (ஷாட்கன் தோட்டா) உருவி இரட்டைக்குழல் ஷாட்கனில் போட்டேன், இடது பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, வலது பக்கம் கடைசிக் கால் அங்குலத்தில் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், நகரவில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து முடிப்பதற்குள் ஏழெட்டு விநாடி போய்விட்டது. அத்தனையும் சுட்டு முடிந்த வெற்றுக்கூடுகளில் நானே வீட்டில் நிரப்பிய ஷெல்கள், அதுதான் மனதை உறுத்துகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: அரிசோனாவில் பீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி மைதானத்தில் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் ஆடுகிறேன். 19ஆம் நூற்றாண்டு உடை, இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன், கூடவே டைமர். இரட்டைக்குழலில் சுட்ட கூடு தானாகத் தெறித்து வெளியே வரும் அமைப்புக்கு விதியில் இடமில்லை. ஷாட்கனில் ஒரு நேரத்தில் இரண்டு ஷெல்தான் போடலாம். ஆகவே போடுவதும் கையால்தான், எடுப்பதும் கையால்தான். துப்பாக்கியைத் திறந்து பின்னால் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு கூடும் சேர்ந்து பறந்து விழ வேண்டும். ஷெல் வழுவழுப்பாக இல்லாவிட்டால் கை எத்தனை வேகமாக இருந்தும் பயனில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

காலையிலிருந்து கராஜில்தான். மீதமிருந்த ஷெல்களை ஒவ்வொன்றாகத் துளை அளவுகோலில் போட்டுப் பார்த்தேன். (நிரப்பிய ஷெல்லை வீட்டுக்குள் துப்பாக்கியில் போட்டுச் சோதிக்கவே கூடாது. சின்ன இரும்புத் துண்டில் சரியான அளவில் ஓட்டை போட்டு விற்கிறார்கள், அதுதான் இதற்கு.) 140இல் 31 உட்காரவில்லை. மடிப்புப் பக்கம் (குண்டு கொட்டாமல் வாயை மடித்து மூடும் முனை) எல்லாம் சரி, அடிப்பக்க உலோகத்தில்தான் பிடிக்கிறது.

அப்புறம் ஒரு காந்தத்தை எடுத்து அடியில் வைத்தேன். 31இல் 28 ஒட்டிக்கொண்டன! பார்வைக்குப் பித்தளை, உள்ளே எஃகு. மைதானத்தில் கிடந்த கூடுகளை வகை பார்க்காமல் பொறுக்கி வந்தது என் தவறு. சுடும்போது அழுத்தத்தில் அடி விரிந்து அந்தத் துப்பாக்கியின் அறை (குழலில் ஷெல் உட்காரும் இடம்) அளவுக்கு வந்துவிடும். நிரப்பும்போது அதை மறுபடி இறுக்க வேண்டும். பித்தளை இறுக்கிய இடத்தில் பெரும்பாலும் நிற்கும். மலிவு எஃகு அடி கொஞ்சம் பழையபடி விரிந்துவிடும். சுட்ட துப்பாக்கியின் அறை சற்று அகலமாக இருந்திருந்தால் அந்தக் கூடு என்னுடைய குழலில் நுழையாது. ஷெல் நிரப்பும் என் மெக் 600 ஜூனியர் பிரஸ்ஸில் இருப்பது ஒரு வளையம், கூட்டை அதற்குள் அழுத்துவதோடு சரி, இந்த எஃகுக்கு அது போதவில்லை.

ஜனவரி 10, புதன்

கூட ஆடும் பெரியவர் ஒருவர் தன்னுடைய சூப்பர்சைசரைக் கடனாகக் கொடுத்தார். கைப்பிடியை இழுத்தால் உலோக விரல்கள் அடியைச் சுற்றிலும் கவ்வி இறுக்கும் கருவி அது. வெற்றுக்கூடுகளில் முயன்றேன், எஃகு அடிகூட அளவுக்கு வந்தது. இருந்தாலும் ஆட்டத்துக்கு இனி ரெமிங்டன் எஸ்டிஎஸ், வின்செஸ்டர் ஏஏ என்ற இரண்டு வகைக் கூடுகள் மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எஸ்டிஎஸ் கூட்டின் பிளாஸ்டிக் சோப்பு மாதிரி வழுக்கும், விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல், இங்கே மார்ட்டின் லூதர் கிங் நாள், அலுவலகம் விடுமுறை. பால் பொங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு மதியம் 200 ஷெல் நிரப்பினேன்.

குளிர்காலத்தில் இங்கே காற்று அவ்வளவு வறட்சி, பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் பவுடர் (வெடிமருந்து) ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. துணி உலர்த்தியில் போடும் ஷீட்டால் பாட்டிலைத் துடைத்தால் ஒட்டுவது நிற்கும். ஆனாலும் கண்ணை நம்பாமல் பத்து ஷெல்லுக்கு ஒரு முறை பவுடரைத் தராசில் போட்டுப் பார்க்கிறேன். கூடு, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் அடிக்குமிழ்), பவுடர், வாட் (பவுடருக்கும் குண்டுக்கும் நடுவே வரும் அடைப்பு), ஈயக்குண்டின் எடை, இந்த ஐந்தும் பவுடர் நிறுவனத்தின் கையேட்டில் ஒரே வரியில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். இரண்டே முக்கால் அங்குல 12 காஜ் (குழல் அகல அளவு) ஷெல்லுக்கு உச்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு), பிரைமரை மட்டும் மாற்றினாலும் அது ஏறக்கூடும். ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்று மாற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை நினைத்து.

நான் போடுவது எட்டில் ஏழு அவுன்ஸ் ஈயம், ஏறக்குறைய 25 கிராம். 25 பவுண்டு மூட்டை ஒன்றில் 457 ஷெல் வரும். தோளில் உதை குறைவு, அடுத்த இலக்குக்குக் குழல் சீக்கிரம் திரும்புகிறது.

மடிப்புக்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. எட்டு மடிப்புக் கூட்டை எட்டாகத்தான் மடிக்க வேண்டும், பழைய கோட்டிலேயே அது படிய வேண்டும். நடுப்பகுதி விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவு இறங்கினால் நல்லது. கடைசி அழுத்தத்தில் அளவு மீறினால் மடிப்புக்குக் கீழே சதை பிதுங்குவதுபோல் ஒரு புடைப்பு வரும், அதுவும் குழல் வாயில் இடிக்கும். சரியாக அமைந்தால் வாய் விளிம்பு உருண்டு சற்றுக் குறுகி நிற்கும், பார்க்காமலே கை கொண்டுபோய் வைத்தாலும் ஓட்டையைத் தானே தேடிக்கொள்ளும். எனக்கு வேண்டியது அதுதான்.

மகள் வாசலில் நின்றபடி, “அப்பா, நான் எண்ணட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம்டா கண்ணு, பவுடர் திறந்திருக்கு, அப்பா மூடி வச்சிட்டுக் கூப்பிடறேன்” என்றேன். ஈயம் தொட்ட கை வேறு. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் அவளுக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தேன்.

200ஐயும் அளவுகோலில் போட்டேன். 198 தடையில்லாமல் உட்கார்ந்தன. மற்ற இரண்டும் தனியே.

ஜனவரி 20, சனி

ஆறு ஸ்டேஜ், ஒரு ஷெல்கூட நிற்கவில்லை. ஐந்தாவதில் நான்கு இலக்கு: இரண்டு போட்டேன், சுட்டேன், பின்னால் இழுத்தேன், இரண்டு கூடும் என் தோளைத் தாண்டிப் போயின, அடுத்த இரண்டும் அப்படியே. குழல் மூடும்போது வந்த அந்த ‘டொக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்குக் கிளம்பும்போது சூப்பர்சைசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.

திரும்பக் கொண்டுவந்த கூடுகளை இரவே பார்த்தேன். ஏழில் வாய் விளிம்பு கீறல் விட்டிருக்கிறது, குப்பைக்குப் போயின. மீதி பெட்டியில், மேலே ‘இரண்டாம் சுற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.