நாலாக மடித்த மாற்றுச் சான்றிதழ்

நேற்று, பதினெட்டு ஆகாதவர்கள் மேல் வரும் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வெளியே ஒரு அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த மாற்றுச் சான்றிதழ். "தேதி சரியா இருக்கா பாரு தம்பி" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மகன் மேல் அடிதடி வழக்கு. சம்பவத்தன்று அவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அந்த ஐந்து மாதம்தான் எல்லாமே. பதினெட்டு ஆகவில்லை என்றால் லாக்கப் கிடையாது, ஜெயில் கிடையாது, கைவிலங்கு போடக் கூடாது.

இந்தக் கோடு எத்தனை முறை நகர்ந்திருக்கிறது! 1986 சட்டத்தில் பையன்களுக்கு வரம்பு 16தான். 2000-இல்தான் எல்லோருக்கும் 18 ஆனது. அப்புறம் 2012 டெல்லி கொடூரம்; ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணைக் கூட்டு வன்புணர்வு செய்து சிதைத்தவர்களில் ஒருவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. எனக்கும் அன்று ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் வந்த 2015 சட்டப்படி, கொடுங்குற்றம் என்றால் 16 முடிந்தவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். அப்போதும் தூக்கு கிடையாது. 21 வயதுவரை ஜெயிலுக்கு அனுப்பவும் முடியாது. என் மனசுக்கு இந்த மாற்றம் இன்னமும் ஒப்பவில்லை. குழந்தைகளுக்கென்று இந்தியாவிலேயே முதலில் தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1920-இல். அங்கிருந்து பின்னால் போகிறோமோ என்று பயமாக இருக்கிறது.

வழக்கு தள்ளிப்போனது. பையனை மறுபடி கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது வழக்கு நடக்கும்போது சிறுவர்களைத் தங்க வைக்கும் இடத்துக்கு, அழைத்துப் போனார்கள். அம்மா சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, "பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கிக்குவாங்களா தம்பி?" என்றார்.