பவர் சப்ளை புதுசு, கேபிள் மட்டும் பழசு: ரெண்டு டிரைவ் காலி

ஃபைல் எல்லாம் ஒருவழியா கைக்கு வந்துடுச்சு, ஆனா அந்தக் கடை மேல இருக்கற கோவம் இன்னும் ஆறல. பிசி அப்கிரேட் பண்ண வெளிய குடுக்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுக் குடுங்க.

2024 ஆகஸ்ட்ல புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன், பழைய பவர் சப்ளை அதுக்குப் பத்தாதுன்னு 750 வாட்ல மாடுலர் டைப் (கேபிளைத் தனியா கழட்டி மாட்டறது) ஒண்ணும் வாங்கி, ரெண்டையும் மாட்டித் தரச் சொல்லி இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு கடையில விட்டேன். ரெடின்னு போன் வந்துது. போய் நின்னா கவுன்ட்டர் பையன் ஒரு பிளாஸ்டிக் கவர்ல என்னோட 4 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் சாட்டா எஸ்எஸ்டியையும் போட்டு நீட்டறான். "அங்கிள், ரெண்டும் போயிடுச்சு, மாட்டினா மெஷினே ஆன் ஆகல, கழட்டிட்டோம்."

கடைக்குக் கொண்டு போற வரைக்கும் ஓடிட்டு இருந்த டிரைவ்ங்க அது. அதுல இருந்தது இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் குட் ஃப்ரைடே திருவிழா வீடியோ, காவடி வீடியோ, இங்கயே பொறந்து வளர்ந்த பெரியவங்க பாடின அம்மன் பாட்டு, தெருக்கூத்துப் பாட்டு. பாடினவங்கள்ல சிலர் இப்ப உயிரோட இல்ல, அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு தமிழ்ப் பாட்டு வராது, மறுபடி போய் யார்கிட்ட ரெக்கார்ட் பண்றது? எஸ்எஸ்டில காப்பி வச்சிருந்தேன், ரெண்டையும் ஒரே கேபிள்ல மாட்டி ஒரே நேரத்துல காலி பண்ணிட்டாங்க.

எப்படிப் போச்சுன்னு கேட்டா, "லோட் ஷெடிங் முடிஞ்சு கரண்ட் வரும்போது சர்ஜ் அடிச்சிருக்கும்"னு சொன்னாங்க. லோட் ஷெடிங்னா இங்க முறை வச்சுப் பண்ற மின்வெட்டு, சர்ஜ்னா திடீர்னு வோல்டேஜ் எகிறுறது. 2024 மார்ச் 26ல லோட் ஷெடிங்கை நிறுத்தின எஸ்காம் (இங்க கரண்ட் குடுக்கற அரசு கம்பெனி) 2025 ஜனவரி கடைசி வரைக்கும் அதைத் திரும்பக் கொண்டு வரவே இல்ல. ஆகஸ்ட்ல எங்கேர்ந்து வந்துது லோட் ஷெடிங்? சர்ஜ்னா மதர்போர்டும், அதுல நேரா சொருகியிருக்கற எம்.2 டிரைவும் எப்படித் தப்பிச்சுது? சாட்டா பவர் கேபிள்ல இருந்த ரெண்டு மட்டும்தான செத்துது.

வீட்டுக்கு வந்து புது பவர் சப்ளை டப்பாவைத் திறந்தா விடை அங்கயே இருந்துது. சாட்டா கேபிள் எல்லாம் ட்விஸ்ட் டை கூடப் பிரிக்காம அப்படியே பைக்குள்ள. கேஸுக்குப் பின்னாடி ஏற்கனவே ஓட்டி வச்சிருந்த பழைய பவர் சப்ளையோட கேபிளை அப்படியே புதுசுல சொருகிட்டாங்க. சைஸ் சரியா இருக்கும், சொருகும். ஆனா டிரைவ் பக்கம்தான் ஸ்டாண்டர்ட், பவர் சப்ளை பக்கம் எந்த பின்ல எத்தனை வோல்ட்னு பொதுவான ஸ்டாண்டர்ட் கிடையாது, ஒரே கம்பெனி மாடலுக்குள்ளயே மாறலாம். கோர்சேர் மாதிரி சில கம்பெனி எந்த கேபிள் எதுக்குச் சேரும்னு டேபிளே போட்டு வச்சிருக்காங்க. அந்தக் கேபிள் கடைசியில ஒரு மோலெக்ஸ் (பழைய டைப் நாலு பின் கனெக்டர்) இருந்துது, டிரைவ் எதுவும் மாட்டாம ஆன் பண்ணி மல்டிமீட்டர் வச்சேன், 5 வோல்ட் வரவேண்டிய இடத்துல 12 காட்டுது. அதை அப்படியே வீடியோ எடுத்தேன். இந்த வீடியோதான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு, நீங்களும் எதையும் கழட்டறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

ஹார்ட் டிஸ்க் விஷயத்துல அவசரப்படாதீங்க. அதே மாடல் டிஸ்க்கோட போர்டை வாங்கி மாத்தினா ஓடும்னு நிறைய பேர் சொல்வாங்க, இப்ப வர்ற பெரும்பாலான டிஸ்க்ல அது மட்டும் போதாது, போர்டுல இருக்கற குட்டி ரோம் (ROM) சிப்புல அந்தந்த டிஸ்க்குக்கான தகவல் இருக்கு, அதையும் எடுத்து மாத்தி ஒட்டணும். பெரிய ரிக்கவரி கம்பெனி சொன்ன ரேட் கேட்டு மலைச்சுப் போயிட்டேன். டர்பன்லயே சாட்ஸ்வொர்த் ஏரியால மைக்ரோஸ்கோப் வச்சு போன் போர்டு பாக்கற ஒரு அண்ணன் பாத்துட்டு, 5 வோல்ட் லைன்ல இருக்கற டிவிஎஸ் டயோட் ஷார்ட் ஆயிருக்குன்னார், அதிக வோல்டேஜ் வந்தா தான் செத்து மத்ததைக் காப்பாத்தத்தான் அதை வைக்கறதே. எடுத்துட்டார். சரியான கேபிள்ல மாட்டினதும் டிஸ்க் சுத்தற சத்தம் கேட்டுது பாருங்க, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த டயோட் இல்லாத டிஸ்க்குக்கு பாதுகாப்பு கிடையாது, அதனால அங்கயே உக்காந்து டிடிரெஸ்க்யூங்கற (ddrescue) காப்பி சாஃப்ட்வேர் போட்டு புது டிஸ்க்குக்கு முழுசா காப்பி எடுத்தோம், எதுவரைக்கும் காப்பி ஆச்சுன்னு குறிச்சு வைக்கற மேப் ஃபைல் குடுத்து ஓட்டுங்க, நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். எஸ்எஸ்டி தேறல, கன்ட்ரோலரே போயிடுச்சுன்னுட்டார்.

அப்புறம் கடைக்கு எழுத்துல மெயில் போட்டேன். தென்னாப்பிரிக்காவோட 2008 கன்ஸ்யூமர் புரொட்டெக்ஷன் ஆக்ட், செக்ஷன் 54, தரமில்லாத சர்வீஸுக்கு சரி பண்ணித் தரணும் இல்ல பணத்துல ஒரு பங்கைத் திருப்பணும்னு இருக்கு, அதைக் குறிப்பிட்டு வீடியோவையும் வச்சேன். வாயால கேட்டப்ப லோட் ஷெடிங் பாட்டு பாடினவங்க, மெயிலுக்கு அப்புறம் ஃபிட்டிங் சார்ஜைத் திருப்பி, புது எஸ்எஸ்டியும் குடுத்தாங்க. ரிக்கவரி செலவு மட்டும் தர மாட்டோம்னு நிக்கறாங்க. கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட்ல (நுகர்வோர் புகாரை விசாரிக்கற அமைப்பு) புகார் போட்டிருக்கேன், நமக்கு அது இலவசம், ஆனா கடைக்கு முதல்ல எழுதிக் கேட்டதுக்கு ஆதாரம் வேணும். சாட்ஸ்வொர்த் அண்ணன்கிட்ட என்ன பழுது, எதனாலன்னு ரசீதுலயே எழுதி வாங்கி அதையும் சேத்து அனுப்பியிருக்கேன்.