வாயில் ரோஜா கவ்விய அரசன்

இன்று காலை பார்த்த காணொளியில், செக் நாட்டு மொராவியாவின் விள்ச்னோவ் கிராமத்துச் சிறுவன் ஒருவன், பெண்களின் விழாக்கால உடையில், வாயில் ஒற்றை ரோஜாவைக் கவ்வியபடி குதிரைமேல் அமர்ந்திருந்தான்.

‘அரசர்களின் சவாரி’ என்னும் அவ்வூர் மரபுக் குதிரை ஊர்வலத்தில் அவன்தான் அரசன்.

தலையிலிருந்து தொங்கும் வண்ண நாடாக்கள் முகத்தை மறைக்கின்றன. ஊர்வலம் முடியும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது. உருவிய வாளுடன் இருவர் அவனுக்குக் காவலாக வர, மற்றக் குதிரைவீரர்களோ ஊராரைக் கேலிசெய்து பாட்டாக முழங்கி, அதற்குக் காசும் கேட்கிறார்கள். கேலிக்கு ஆளானவரே சிரித்துக்கொண்டு அவர்களது பூட்ஸுக்குள் பணத்தைச் செருகுகிறார்.

15-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர் மத்தியாஸ் பெண்வேடத்தில் தப்பிய நினைவு இது என்பது ஒரு கதை. 2011-இல் யுனெஸ்கோவும் இந்த ஊர்வலத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எனக்குப் பிடித்தது வேறு: அரசபதவியை ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு, பேசும் உரிமையை மட்டும் ஊரார் தங்களிடமே வைத்துக்கொண்ட சாமர்த்தியம்.